ஆறு வருஷக் கணக்கு: பேஸ்பால் சம்பளமும் ஃப்ரீ ஏஜென்சியும், அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாஸ்டனில் ஃபென்வே பார்க்குக்கு என்னோடு ஆட்டம் பார்க்க வருபவர்கள் பல வகை. அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த தம்பிகள் உண்டு, ஊரிலிருந்து வரும் சொந்தக்காரர்கள் உண்டு, பிள்ளைகளால் இழுத்துவரப்பட்ட பெற்றோர் உண்டு. முதல் இரண்டு இன்னிங்ஸில் விதிகளைக் கேட்பார்கள். மூன்றாவது இன்னிங்ஸில் பேச்சு சம்பளத்துக்குப் போய்விடும். பல வருஷமாக ஒரே சந்தேகங்களைக் கேட்டுக் கேட்டு, பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைக்கலாம் என்று உட்கார்ந்தேன். கேள்விகளைக் கேட்டவர்கள் வாயிலிருந்து வந்தபடியே போட்டிருக்கிறேன். தொகைகள் டாலரில், நம் லட்சம் கோடிக் கணக்கில். விதிகள் 2022 மார்ச்சில் கையெழுத்தான ஒப்பந்தத்தின்படி.

ஃப்ரீ ஏஜென்ட் என்றால் சம்பளம் வாங்காமல் ஆடுபவரா?

இல்லை. ஃப்ரீ என்பது இங்கே இலவசம் இல்லை, விடுதலை. ஒப்பந்தம் முடிந்து, எந்தக் கிளப்புக்கும் உரிமை இல்லாத ஆட்டக்காரர்தான் ஃப்ரீ ஏஜென்ட். பேஸ்பாலின் உச்ச லீகான மேஜர் லீகின் 30 அணிகளில் யாரோடு வேண்டுமானாலும் பேசலாம். யார் கொடுப்பது பிடித்திருக்கிறதோ அங்கே கையெழுத்துப் போடலாம். அந்த விடுதலை கிடைக்க ஆறு வருஷம் மேஜர் லீகில் ஆடியிருக்க வேண்டும். இந்தப் பக்கத்தில் வரும் பாதி விஷயம் அந்த ஆறு வருஷத்திலிருந்து கிளைத்ததுதான்.

நம்ம ஐபிஎல் மாதிரி ஏலம் போட்டு எடுப்பார்களா?

ஏலம் கிடையாது. ஐபிஎல் 2025 சீசனுக்கு ஒவ்வொரு அணிக்கும் 120 கோடி ரூபாய் என்று ஒரே அளவு பை கொடுத்து ஏலத்தில் உட்கார வைத்தார்கள். யார் அதிகம் கேட்கிறார்களோ அவர்களிடம் ஆட்டக்காரர் போக வேண்டும், மறுக்க முடியாது. பேஸ்பாலில் பையின் அளவு ஆளுக்கு ஆள் வேறு, ஃப்ரீ ஏஜென்ட்டுக்கு மறுக்கும் உரிமையும் உண்டு.

ஆனால் உள்ளே நுழையும்போது அந்த உரிமை இல்லை. அமெரிக்கா, கனடா, போர்ட்டோ ரிக்கோ பிள்ளைகள் டிராஃப்ட் வழியாக வர வேண்டும், அதாவது அணிகள் வரிசை முறையில் புதியவர்களைத் தேர்ந்தெடுக்கும் ஏற்பாடு. எந்த அணி பெயரைச் சொல்கிறதோ அங்கேதான். டொமினிகன் குடியரசு, வெனிசுவேலா பையன்கள் 16 வயதிலேயே ஒரு கிளப்போடு கையெழுத்துப் போடுகிறார்கள். அப்புறம் கீழ்மட்டமான மைனர் லீகில் பல வருஷம், பிறகுதான் மேலே.

சரி, அந்த ஆறு வருஷத்தில் என்ன சம்பளம் கிடைக்கும்?

பெரும்பாலானவர்களுக்கு முதல் மூன்று வருஷம் கிளப் சொல்வதுதான் சம்பளம். குறைந்தபட்சம் மட்டும் நிர்ணயம்: 2025-இல் 7,60,000 டாலர், 2026-இல் 7,80,000. நான்கிலிருந்து ஆறு வரை பேரம் பேசலாம், ஆனால் வேறு கிளப்புக்குப் போக முடியாது. ஆறு முடிந்தால் விடுதலை.

பிட்ஸ்பர்க் பைரேட்ஸின் பால் ஸ்கீன்ஸைப் பாருங்கள். 2025-இல், மேஜர் லீகின் இரு பிரிவுகளில் ஒன்றான நேஷனல் லீகின் சிறந்த பிட்சருக்கான சை யங் விருது அவருக்கு. அந்த வருஷம் அவர் சம்பளம் 8,75,000 டாலர். அதே சீசனில் அவரை விடச் சுமாராகப் பந்து போட்ட, வயதான பிட்சர்கள் 2 கோடி, 3 கோடி டாலர் வாங்கினார்கள். இளம் ஆட்டக்காரர்களுக்கென்று 2022-இலிருந்து வருஷத்துக்கு 5 கோடி டாலர் போனஸ் தொகை ஒன்று வைத்திருக்கிறார்கள். நல்ல ஏற்பாடு. ஆனாலும் சந்தை மதிப்பைத் தொடுவதற்கு அது எந்த மூலைக்கு?

மூணு வருஷத்துக்கு அப்புறம் பஞ்சாயத்து வைத்துச் சம்பளம் முடிவு செய்வார்களாமே?

ஆமாம், அதற்கு ஆர்பிட்ரேஷன் என்று பெயர். ஆட்டக்காரர் ஒரு தொகை கேட்பார், கிளப் ஒரு தொகை சொல்லும். ஒத்துப்போகாவிட்டால் மூன்று நடுவர்கள் முன்னால் இரண்டு பக்கமும் வாதாட வேண்டும். நடுவர்கள் இரண்டில் ஒன்றைத்தான் எடுக்கலாம், நடுவில் ஒரு தொகை சொல்லக் கூடாது. அதனால் இரண்டு பக்கமும் அநியாயமாகக் கேட்கப் பயப்படும். பெரும்பாலும் விசாரணைக்கு முன்பே சமாதானம் ஆகிவிடும்.

ஆகாதபோதுதான் வலி. சொந்த ஆட்டக்காரரின் குறைகளை அவர் எதிரிலேயே கிளப்பின் வக்கீல் அடுக்க வேண்டும். 2023-இல் மில்வாக்கி புரூவர்ஸின் கார்பின் பர்ன்ஸ் கேட்டது 1.075 கோடி, கிளப் சொன்னது 1.001 கோடி. வித்தியாசம் 7,40,000 டாலர். பர்ன்ஸ் தோற்றார். முந்தைய வருஷம் அணி பிளேஆஃபுக்குப் போகாததற்குத் தன்னையே காரணமாகக் காட்டினார்கள் என்றும், கிளப்போடு இருந்த உறவு காயப்பட்டுவிட்டது என்றும் அவரே செய்தியாளர்களிடம் சொன்னார். அடுத்த வருஷம் பால்டிமோருக்கு டிரேட் (கிளப்புகள் தங்களுக்குள் ஆட்டக்காரரை மாற்றிக்கொள்வது), அதற்கடுத்து ஃப்ரீ ஏஜென்ட்டாக அரிசோனாவுடன் 21 கோடி டாலர் ஒப்பந்தம்.

ஒரே ஒரு நாள் குறைந்ததால் ஒருவர் ஒரு வருஷத்தை இழந்தாராமே, உண்மையா?

உண்மை. பணிக்காலத்தை நாள் கணக்கில் எண்ணுகிறார்கள். 172 நாள் அணிப் பட்டியலில் இருந்தால் ஒரு வருஷம். 171 என்றால் அந்த வருஷம் முழுசாகச் சேராது.

2015-இல் சிகாகோ கப்ஸின் கிரிஸ் பிரையன்ட் பயிற்சி ஆட்டங்களில் 9 ஹோம் ரன் அடித்தார். அந்த வசந்தத்தில் அவருக்கு மேல் யாரும் அடிக்கவில்லை. ஆனாலும் சீசன் தொடங்கும்போது அவரை மைனர் லீகுக்கு அனுப்பினார்கள். ஃபீல்டிங் இன்னும் தேற வேண்டும் என்றது கிளப். ஏப்ரல் 17 அன்று மேலே அழைத்தார்கள். சீசன் முடிவில் எண்ணினால் 171 நாள். அந்த வருஷம் அவர்தான் சிறந்த புதுமுகம், அடுத்த வருஷம் நேஷனல் லீகின் மிக மதிப்புமிக்க ஆட்டக்காரர். கப்ஸ் 108 வருஷத்துக்குப் பிறகு சாம்பியனைத் தீர்மானிக்கும் வேர்ல்ட் சீரீஸை வென்றதும் அந்த 2016-இல்தான். அவர் போட்ட புகார் 2020-இல் தள்ளுபடியானது. 2020-க்குப் பிறகு கிடைத்திருக்க வேண்டிய விடுதலை 2021-க்குப் பிறகுதான் கிடைத்தது.

இது சட்டப்படி சரி, நியாயப்படி சரியில்லை என்பது என் கருத்து. ரசிகருக்கும் இதில் நஷ்டம் உண்டு. டிக்கெட் வாங்கி வந்தவருக்கு அணியின் சிறந்த ஆளைக் காட்டாமல் ஒளித்து வைப்பதுதானே அது? 2022 ஒப்பந்தத்தில் கொஞ்சம் திருத்தினார்கள். சிறந்த புதுமுகம் வாக்கெடுப்பில் முதல் இரண்டு இடம் பிடிப்பவருக்கு நாள் குறைந்தாலும் முழு வருஷம் உண்டு.

அந்தக் காலத்தில் ஆயுசு முழுக்க ஒரே டீமில் ஆடினார்கள். அந்த விசுவாசம் எங்கே போச்சு?

எனக்கு அதிகம் மனசு கனக்கும் கேள்வி இது. அது விசுவாசம் இல்லை, வேறு வழியில்லாமை. 19-ஆம் நூற்றாண்டிலிருந்து 1975 வரை ரிசர்வ் கிளாஸ் என்று ஒரு ஷரத்து ஒவ்வொரு ஒப்பந்தத்திலும் இருந்தது. ஒப்பந்தம் முடிந்தாலும் கிளப் அதே ஆளை மறுபடி எடுத்துக்கொள்ளலாம், மறுபடி, மறுபடி. ஆட்டக்காரர் விலக முடியாது. கிளப் மட்டும் அவரை எப்போது வேண்டுமானாலும் விற்கலாம்.

1969 அக்டோபரில் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் தன் சென்டர் ஃபீல்டர் கர்ட் ஃபிளட்டை பிலடெல்பியாவுக்கு டிரேட் செய்தது. அந்த ஊரில் 12 வருஷம் ஆடியவர். ஃபீல்டிங்குக்கான கோல்டு கிளவ் ஏழு முறை வாங்கியவர். அவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. டிசம்பர் 24 அன்று லீகின் தலைமை அதிகாரியான கமிஷனர் போவி கூனுக்கு ஃபிளட் கடிதம் எழுதினார். 12 வருஷம் ஆடிய பிறகும், தன் விருப்பத்தைக் கேட்காமல் வாங்கி விற்கிற சொத்து தான் இல்லை என்பதுதான் அதன் சாரம். வருஷம் 90,000 டாலர் வாங்குகிறவர் இப்படிச் சொல்லலாமா என்று தொலைக்காட்சியில் கேட்டபோது, நல்ல சம்பளம் வாங்கும் அடிமையும் அடிமைதான் என்றார். ஒரு கறுப்பின மனிதர் 1970-இல் அமெரிக்காவில் அந்தச் சொல்லைச் சொல்லுவதன் எடையை யோசித்துப் பாருங்கள். வழக்கு விசாரணையில் மேஜர் லீகின் நிறத்தடையை உடைத்தவரான, ஓய்வுபெற்ற ஜாக்கி ராபின்சன் வந்து அவருக்காகச் சாட்சி சொன்னார். அப்போது ஆடிக்கொண்டிருந்த ஒருவர்கூட வரவில்லை. 1972-இல் உச்ச நீதிமன்றத்தில் 5-3 என்று தோற்றார். அவருடைய ஆட்ட வாழ்க்கை அதற்கு முன்பே முடிந்துவிட்டது.

கதவு திறந்தது மூன்று வருஷம் கழித்து, வேறு வழியாக. லாஸ் ஏஞ்சலிஸ் டாட்ஜர்ஸ் பிட்சர் ஆண்டி மெசர்ஸ்மித் 1975 சீசனை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாமலே ஆடி முடித்தார். கிளப் ஒரு வருஷத்துக்குப் புதுப்பிக்கலாம் என்று எழுதியிருக்கிறது, அந்த ஒரு வருஷம் முடிந்துவிட்டது, இனி நான் யாருக்கும் கட்டுப்பட்டவன் இல்லை என்பது அவர் வாதம். இன்னொரு பிட்சர் டேவ் மெக்நாலியும் சேர்ந்துகொண்டார். டிசம்பர் 23 அன்று நடுவர் பீட்டர் சைட்ஸ் ஒரு வருஷம் என்றால் ஒரு வருஷம்தான் என்று தீர்ப்புச் சொன்னார். முதலாளிகள் உடனே சைட்ஸை வேலையிலிருந்து நீக்கினார்கள். தீர்ப்பு நின்றது.

அப்படியென்றால் எல்லோரையும் வருஷா வருஷம் விடுவித்துவிடலாமே? ஆட்டக்காரர் சங்கம் ஏன் ஆறு வருஷத்துக்கு ஒத்துக்கொண்டது?

நல்ல கேள்வி, பலருக்குத் தோன்றாத கேள்வி. ஓக்லாண்ட் அணியின் முதலாளி சார்லி ஃபின்லி அப்போதே இதைச் சொன்னார்: எல்லோரையும் ஃப்ரீ ஏஜென்ட் ஆக்கிவிடுங்கள் என்று. மற்ற முதலாளிகள் கேட்கவில்லை. சங்கத் தலைவர் மார்வின் மில்லருக்கு அடிவயிற்றில் பயம் இருந்தது ஃபின்லியிடம் மட்டும்தான்.

சந்தைக்கு வரத்து அதிகமானால் விலை சரியும், குறைந்தால் ஏறும். வருஷத்துக்கு அறுநூறு பேர் ஒரே நேரத்தில் வேலை தேடினால் கிளப்புகள் நிதானமாகப் பொறுக்கி எடுக்கும். கொஞ்சம் பேர் மட்டும் வந்தால் கிளப்புகள் அடித்துக்கொள்ளும். 1976-இல் ஆறு வருஷம் என்று முடிவானபோது சங்கம் விட்டுக்கொடுத்த மாதிரி வெளியே தெரிந்தது. சம்பளம் வேகமாக ஏற அதுதான் வழி செய்தது. அந்த லாபம் அனுபவசாலிகளுக்குப் போனது. அதற்கான விலையை இன்று வரை கொடுப்பவர்கள் ஸ்கீன்ஸ் போன்ற இளைஞர்கள்.

சம்பளத்துக்கு உச்சவரம்பு இல்லையா? சொகுசு வரி என்கிறார்களே, அது என்ன?

அமெரிக்கக் கால்பந்து, கூடைப்பந்து, ஐஸ் ஹாக்கி மூன்றிலும் ஏதோ ஒரு வகை உச்சவரம்பு உண்டு. பேஸ்பாலில் இல்லை. அதற்குப் பதில் ஒரு கோடு. 2025-இல் 24.1 கோடி டாலர், 2026-இல் 24.4 கோடி. அணியின் மொத்தச் சம்பளம் கோட்டைத் தாண்டினால், தாண்டிய பகுதிக்கு வரி. முதல் முறை 20 சதவீதம், அடுத்த வருஷமும் தாண்டினால் 30, மூன்றாவது முறையிலிருந்து 50. ரொம்பத் தாண்டினால் கூடுதல் வரியும் உண்டு. தொடர்ந்து தாண்டும் அணி கோட்டுக்கு 6 கோடி மேலே போனால், அதற்கு மேல் கொடுக்கும் ஒவ்வொரு டாலர் சம்பளத்துக்கும் 1.10 டாலர் வரி. கோட்டுக்குக் கீழே ஒரு வருஷம் இறங்கினால் கணக்கு மறுபடி முதலிலிருந்து தொடங்கும். இந்தக் கடைசி வாக்கியத்தை நினைவில் வையுங்கள், பின்னால் ஒரு பையனின் சட்டைக் கதையில் வரும்.

ஓட்டானிக்கு வருஷம் 20 லட்சம்தானாமே? அப்போ 70 கோடி என்பது பொய்யா?

இரண்டும் உண்மை. 2023 டிசம்பரில் ஷோஹே ஓட்டானி டாட்ஜர்ஸுடன் 10 வருஷத்துக்கு 70 கோடி டாலருக்குக் கையெழுத்துப் போட்டார். ஆடும் வருஷங்களில் வருஷத்துக்கு 20 லட்சம் மட்டும். மீதி 68 கோடி 2034 முதல் 2043 வரை, வட்டியில்லாமல். பத்து வருஷம் கழித்து வரும் பணத்துக்கு இன்றைய மதிப்பு குறைவு என்பதால், வரிக் கணக்கில் அவர் வருஷத்துக்கு 7 கோடியாக இல்லாமல் சுமார் 4.6 கோடியாகத்தான் ஏறுகிறார். இது விதிக்கு உட்பட்டது. எந்த அணியும் செய்யலாம், நிலுவைக்கு ஈடாகப் பணத்தை முன்கூட்டியே ஒதுக்கி வைக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஓட்டானி 2017-இல் 23 வயதில் ஜப்பானிலிருந்து வந்தார். 25 வயது வரை காத்திருந்தால் பெரிய ஒப்பந்தம் கிடைத்திருக்கும். காத்திருக்கவில்லை. வெளிநாட்டு இளைஞர்களுக்கான விதிப்படி 23.15 லட்சம் டாலர் போனஸும் குறைந்தபட்சச் சம்பளமும் வாங்கிக்கொண்டு தொடங்கினார்.

பணம் இருக்கிற டீம்தானே எப்போதும் ஜெயிக்கும்?

டாட்ஜர்ஸ் 2024, 2025 வேர்ல்ட் சீரீஸ் இரண்டையும் வென்றதிலிருந்து இந்தக் கேள்வி வராத நாளில்லை. பணம் உதவும், அதை மறுக்க மாட்டேன். ஆனால் 1998 முதல் 2000 வரை வென்ற யாங்கீஸுக்குப் பிறகு, டாட்ஜர்ஸ் வரைக்கும் எந்த அணியும் அடுத்தடுத்து இரண்டு முறை வென்றதில்லை. 2023-இல் சம்பளத்தில் முதலிடம் நியூயார்க் மெட்ஸ். வரி மட்டும் சுமார் 10 கோடி டாலர். 75 ஆட்டம் ஜெயித்து 87 தோற்றார்கள்.

மறுபக்கம் 2002 ஓக்லாண்ட். சம்பளம் சுமார் 4 கோடி டாலர். யாங்கீஸ் அதைப்போல மூன்று மடங்கு. இரண்டு அணியும் 103 ஆட்டம் ஜெயித்தன. ஓக்லாண்டின் புத்திசாலித்தனத்தைப் பற்றி நிறையப் பேசியாகிவிட்டது. நான் வேறு ஒன்றைக் காட்டுகிறேன்: அந்த வருஷ அமெரிக்கன் லீகின் சை யங் விருது பாரி ஸீட்டோவுக்கு, மதிப்புமிக்க ஆட்டக்காரர் விருது மிகெல் டெஹாடாவுக்கு. இருவரும் ஓக்லாண்ட். இருவரும் மேலே சொன்ன ஆறு வருஷத்துக்குள் இருந்தவர்கள். அடுத்த வருஷம் முடிந்ததும் டெஹாடா போய்விட்டார், 2006-க்குப் பிறகு ஸீட்டோவும். சின்ன அணி ஜெயிக்கலாம், ஆனால் கடிகாரத்தை எதிர்த்துத்தான் ஜெயிக்க வேண்டும்.

செலவே செய்யாத முதலாளியை யாரும் கேட்க மாட்டார்களா?

கேட்கப் பல் இல்லை. மேல் கோடு உண்டு, கீழ்க் கோடு கிடையாது. ஒவ்வொரு அணியும் உள்ளூர் வருமானத்தில் 48 சதவீதத்தைப் பொதுப் பானையில் போட்டுச் சமமாகப் பங்கிடுகிறார்கள். வாங்கிய பங்கை ஆட்டத்துக்குச் செலவழிக்க வேண்டும் என்று விதி சொல்கிறது. அமல்படுத்துவது கஷ்டம். தோற்பதிலும் ஒரு லாபம் இருந்தது: கடைசி இடம் வந்தால் டிராஃப்டில் முதல் தேர்வு. ஹூஸ்டன் 2011 முதல் 2013 வரை ஒவ்வொரு வருஷமும் 106 அல்லது அதற்கு மேல் தோற்று, 2017-இல் வேர்ல்ட் சீரீஸ் வென்றது. அதற்குப் பிறகுதான் டிராஃப்டின் முதல் இடங்களுக்குக் குலுக்கல் கொண்டுவந்தார்கள்.

ரசிகர்கள் கேட்டுப் பார்த்தார்கள். 2023 ஜூன் 13, ஓக்லாண்ட். ஊரை விட்டுப் போகப்போகிறது என்று தெரிந்த அணி, வெறிச்சோடிக் கிடந்த மைதானம். கூட்டம் வராததுதான் காரணம் என்று சொன்னவர்களுக்குப் பதிலாக, அன்று ஒரு செவ்வாய்க்கிழமை இரவில் 27,759 பேர் வந்தார்கள். அணியை விற்றுவிடு என்று முதலாளியைப் பார்த்துக் கத்தினார்கள். அணி அன்று 2-1 என்று ஜெயித்தது, தொடர்ந்து ஏழாவது வெற்றி. 2024 செப்டம்பரில் அங்கே கடைசி ஆட்டம் நடந்தது. அணி சாக்ரமென்டோவுக்குப் போய்விட்டது.

இவர்கள் கோடி கோடியாக வாங்குவதால்தானே டிக்கெட் விலை ஏறுது?

நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். கல்லூரிக் கால்பந்தைப் பார்த்த பிறகு மாற்றிக்கொண்டேன். அங்கே பல பத்தாண்டுகள் ஆட்டக்காரர்களுக்குச் சம்பளமே கிடையாது. பெரிய ஆட்டங்களின் டிக்கெட் விலை யானை விலைதான். ஜனங்கள் எவ்வளவு கொடுக்கத் தயாரோ, அதுவே விலை. நாளைக்கே சம்பளத்தைப் பாதியாக்கினால் டிக்கெட் குறையாது. மிச்சம் முதலாளியிடம் தங்கும்.

என் பையனுக்குப் பிடித்த ஆட்டக்காரரை விற்றுவிட்டார்கள். யார் மேல் கோபப்படுவது?

எங்கள் தெருவில் ஒரு பையனிடம் 50 என்று எண் போட்ட சிவப்புச் சட்டை இருந்தது. மூக்கி பெட்ஸின் எண். 2018-இல் பாஸ்டனுக்கு வேர்ல்ட் சீரீஸ் வாங்கிக் கொடுத்தவர்களில் முதன்மையானவர். 2020 பிப்ரவரியில் அவரை லாஸ் ஏஞ்சலிஸுக்கு டிரேட் செய்தார்கள். அவருக்கு விடுதலை வர ஒரே வருஷம் பாக்கி, கிளப்போ வரிக் கோட்டுக்குக் கீழே இறங்க நினைத்த நேரம். சொகுசு வரிக் கேள்வியில் சொன்ன அந்தக் கணக்குதான். ஜூலையில் டாட்ஜர்ஸ் அவருக்கு 12 வருஷம், 36.5 கோடி டாலர் கொடுத்தது. பையன் சட்டையைத் தூக்கிப் போடவில்லை. எண் அங்கேயும் 50-தானே என்று சொல்லிவிட்டு, வெளியே போட்டுக்கொள்ளாமல் அலமாரியில் மடித்து வைத்தான்.

ஆட்டக்காரர் மேல் முதலில் கோபப்படாதீர்கள் என்று மட்டும் சொல்வேன். பத்து வருஷப் பணிக்காலமும் கடைசி ஐந்து வருஷம் ஒரே அணியிலும் இருந்தால்தான் டிரேடை மறுக்கும் உரிமை தானாக வரும். ஃபிளட்டின் வழக்குக்குப் பிறகு வந்த உரிமை அது. மற்றவர்கள் பெட்டியைக் கட்டத்தான் வேண்டும். ஃப்ரீ ஏஜென்ட்டாகத் தாமே போகிறவர்களுக்கும் அது லேசில்லை. 2022 ஜூனில் பழைய அணியின் ஊரான அட்லாண்டாவுக்கு வந்த ஃப்ரெடி ஃப்ரீமன், சாம்பியன் மோதிரத்தை வாங்கும்போது அழுததை எல்லோரும் பார்த்தோம். 2011-க்குப் பிறகு செயின்ட் லூயிஸை விட்டுப் போன ஆல்பர்ட் பூஹோல்ஸ் 2019-இல் எதிரணிச் சட்டையில் திரும்பி வந்தபோது, ஊரே எழுந்து நின்று கைதட்டியது. ரசிகர்களால் இப்படியும் முடியும்.

2027-இல் ஆட்டமே நடக்காது என்கிறார்களே?

இப்போதைய ஒப்பந்தம் 2026 டிசம்பர் 1 அன்று முடிகிறது. புது ஒப்பந்தம் இல்லையென்றால் முதலாளிகள் கதவடைப்பு செய்யலாம். 2021 டிசம்பரில் செய்தார்கள், 99 நாள் நீடித்தது, கடைசியில் 162 ஆட்டமும் நடந்தன. உச்சவரம்பு வேண்டும் என்பது முதலாளிகளின் பழைய ஆசை, கூடவே கூடாது என்பது சங்கத்தின் பழைய உறுதி.

இதே சண்டை முற்றியது 1994-இல். ஆகஸ்ட் 12 அன்று ஆட்டக்காரர்கள் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். 232 நாள். 1904-க்குப் பிறகு முதல் முறையாக வேர்ல்ட் சீரீஸ் இல்லாத வருஷம். சான் டியேகோவின் டோனி க்வின் அன்று .394 பேட்டிங் சராசரியில், அதாவது ஆயிரம் வாய்ப்புக்கு 394 ஹிட் என்ற கணக்கில், நின்றிருந்தார். 1941-க்குப் பிறகு யாரும் தொடாத .400-ஐ அவர் தொட்டிருப்பாரா என்பது யாருக்கும் தெரியாமலே போயிற்று. கனடாவின் மான்ட்ரியல் எக்ஸ்போஸ் 74 ஜெயித்து 40 தோற்று, மொத்த லீகிலும் முதலிடத்தில் இருந்தது. ஆட்டம் திரும்பியதும் அந்த அணியின் நட்சத்திரங்களைக் கிளப் ஒவ்வொருவராக விட்டது. கூட்டம் கரைந்தது. 2005-இல் அணி வாஷிங்டனுக்குப் போனது. மான்ட்ரியலில் இன்றைக்கும் எக்ஸ்போஸ் தொப்பி போட்டவர்களைப் பார்க்கலாம்.